ஒன்றுக்கு முப்பத்தைந்து

நான்கு முனைச் சந்திப்பில் நினைவுச் சின்னமாக நின்ற டாங்கி சுருங்கத் தொடங்கியது அதைக் கொண்டுவந்து நிறுத்திய நாற்பதாவது நாள் என்று நான் சொல்வேன்; டீக்கடை ரஃபி பாய் அதற்கும் முன்பே என்பார், ஏனென்றால் மாலை நான்கு மணிக்கு அதன் பீரங்கிக் குழலின் நிழல் அவருடைய பாய்லர் மேல் விழுந்துகொண்டிருந்தது என்றும், அது ஒருநாள் பாய்லரை விட்டு இறங்கி, பிஸ்கட் பாட்டில்களைத் தடவி, பிறகு கடையை விட்டே வெளியேறிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் அவர் சத்தியம் செய்கிறார்; சந்திப்பில் பூ விற்கும் வேதவல்லியோ, வெள்ளிக்கிழமைதோறும் குழலில் சுற்றும் மாலைக்கு ஒன்பது முழம் பிடித்தது ஒரு வாரம் எட்டரை முழத்தில் முடிந்துபோனபோதே தனக்குத் தெரியும், ராணுவத்துச் சாமானைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டதாகச் சொல்கிறாள்.

"சூரியன் தெற்கே போனா நிழலும் நகரும் பாய்," என்று அப்போது நான் சொன்னேன்.

"நாப்பது வருஷமா இந்த வெயில்ல டீ ஆத்துறேன் ஏகாம்பரம் சார். எனக்கே சூரியனப் பத்திப் பாடம் எடுக்கிறீங்களா?"

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் முதல் பக்கத்தில், குழல் நுனியிலிருந்து பின்பக்கம் வரை ஒன்பது மீட்டர் நாற்பத்தைந்து, அகலம் மூன்று மீட்டர் ஐம்பது என்று என் கையெழுத்தில் இருந்தது. அடுத்த மாதப் பக்கத்தில் ஒன்பது நாற்பத்தொன்று என்று இருந்தது. நான் முதலில் என் டேப்பைச் சந்தேகப்பட்டேன், பிறகு என் கண்ணை, பிறகு புது டேப் ஒன்று வாங்கி அதையும் சந்தேகப்பட்டேன், எங்கள் பாலாற்றங்கரை வெயிலில் இரும்பு விரியுமே தவிர சுருங்காது என்று தெரிந்தும் காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, வெயில் தாழ ஒருமுறை அளந்தேன், மூன்று வேளையும் அது குறைந்துதான் இருந்தது. ஆனால் நீளத்தை அகலத்தால் வகுத்தால் எப்போதும் இரண்டு புள்ளி ஏழு வந்தது. அது கோணவில்லை, நசுங்கவில்லை, தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் ஒழுங்காகச் சிறிதாகிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக ஷூ கம்பெனியில் ஒரே ஒரு அளவு அட்டையை வைத்துக்கொண்டு ஆறாம் நம்பரிலிருந்து பதினோராம் நம்பர் வரை வெட்டி எடுக்கிற எனக்கு, அவ்வளவு சுத்தமாக அளவு மாற்றுவது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

நான் ஏன் அதை அளந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி தயாளன் டாங்கி ஓட்டினான். இருபத்தேழு வருடத்துக்கு முன், ஒரு பயிற்சியில், அவன் ஓட்டிய டாங்கி கால்வாயைக் கடக்கும்போது கரை சரிந்து தண்ணீரில் சாய்ந்தது. பீரங்கி பொருத்திய மேல்கூண்டில் இருந்த இருவர் வெளியே வந்தார்கள், முன்னால் உட்கார்ந்திருந்த தயாளன் வரவில்லை. அவ்வளவுதான் கடிதத்தில் இருந்தது. டாங்கி ஓட்டுகிறவனுக்குத் தலைக்கு மேல் தனியாக ஒரு மூடி உண்டு, ஆனால் அந்த மூடிக்கு மேலேயே பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். குழல் நேராகவும் தாழ்வாகவும் இருந்தால் மூடி பாதிதான் திறக்கும், அந்தப் பாதியில் ஒரு ஆள் முதுகை மடித்து வெளியே வர முடியுமா முடியாதா என்பது சில விரற்கடைகளில் இருக்கிறது.

அந்த விரற்கடைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டவள் குணசுந்தரி, தயாளனின் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் தாலி இழந்தவள், எங்கள் கம்பெனியிலேயே மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இன்று அங்கே சூப்பர்வைசராக இருக்கிறாள். டாங்கி வந்து இறங்கிய வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வெட்டு மேசைக்கு வந்தாள்.

"மாமா, இது அவர் ஓட்டின அதே ஜாதி வண்டியாமே?"

"அதேதான். படைவீரர் சங்கத்து மார்க்கபந்து சொன்னாரு."

"ஒண்ணே ஒண்ணு எனக்கு அளந்து சொல்லுங்க. வெளிய வர்றதுக்கு வழி இருந்துச்சா, இல்லையா?"

"இப்ப எதுக்கும்மா அது?"

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "கடைசி லீவுல சண்டை. போனப்புறம் லெட்டர் போட்டேன். இனிமே இந்த வீட்டுக்கு வராதேன்னு எழுதினேன். அவர் பெட்டி வந்துச்சே, அதுல நான் போட்ட அத்தனை லெட்டரும் இருந்துச்சு. அந்தக் கடைசி லெட்டர் மட்டும் இல்ல. வழி இல்லாம செத்தாரா, வழி இருந்தும் வரலையா? அது எனக்குத் தெரியணும்."

நான் அளந்து சொல்கிறேன் என்றேன். என்னுடையதை அவளிடம் சொல்லவில்லை.

என்னுடையது இது. அந்த முறை ஆள் எடுக்க வந்தவர்கள், டாங்கிப் படைக்கு நூற்று எழுபத்துமூன்று சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம், உள்ளே இடம் போதாது என்றார்கள். தயாளன் நூற்று எழுபத்தைந்து. உடல் தேர்வு நாள் காலையில் அவன் பாயில் படுத்துக்கொண்டே, "அண்ணா, என்னைத் தாண்டு. ரெண்டு சென்டிமீட்டர் கொறையட்டும்" என்றான். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் வளராது என்று எங்கள் அம்மா சிறு வயதில் எங்களை எத்தனையோ முறை திரும்பித் தாண்ட வைத்திருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டே தாண்டினேன். சமையலறையிலிருந்து அம்மா, "திரும்பித் தாண்டுடா பாவி" என்று கத்தினாள். வந்து தாண்டறேன்மா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று அவனை நூற்று எழுபத்துமூன்று என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன் என்று அவன் சொன்னான், அம்மா நம்பவில்லை, நான் நம்பினேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆறாவது நாள் ரயிலேறினான். நான் திரும்பித் தாண்டவே இல்லை.

ஆகவே அந்த மூடியின் இடைவெளி ஒரு தீர்ப்பு. வழி இருந்தது என்றால் குற்றம் குணசுந்தரியின் கடிதத்தின் மேல் போய் விழும். வழி இல்லை என்றால், பொருந்தாத இடத்தில் அவனைக் கொண்டுபோய்ப் பொருத்தியவன் நான். குற்றத்தில் பங்குள்ளவனிடமே டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லியிருந்தாள், அவளுக்கு அது தெரியாது.

அளப்பது சுலபமாக இல்லை. மூடிகளையும் மேல்கூண்டையும் அசையாதபடி பற்றவைத்துத்தான் நிறுத்தியிருந்தார்கள், பச்சை வண்ணம் அடித்து, சங்கிலி வேலி போட்டு, ஏறக்கூடாது என்று பலகையும் வைத்திருந்தார்கள். பிறகு அது சுருங்கச் சுருங்க, இங்கே அடித்த வண்ணம் அதனுடையது இல்லையாதலால் அது மட்டும் சுருங்காமல், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளையைப்போல டாங்கியின் மேல் தொளதொளவென்று மடிப்பு விழுந்து, ஒரு ஆடிக் காற்றில் மொத்தமாக உரிந்து சந்தைப்பேட்டைப் பக்கம் பறந்துபோனது. பற்றவைத்த இடங்களும் அப்படியே ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தன. மூடி திறக்க வந்தபோது அது பசுமாட்டின் அளவுக்கு வந்திருந்தது.

அந்த அளவுக்குப் பொருந்துகிற மாதிரி தயாளனை ஒரு உருவமாகச் செய்து உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கம்பியை எலும்பாக வளைத்து, கம்பெனியில் கழித்த மென்தோலைத் தைத்து, முட்டியும் முதுகும் மடங்குகிற மாதிரி செய்தேன், அதற்குப் பதினைந்து நாள் பிடித்தது, பதினைந்து நாளில் டாங்கி அவனைவிடச் சிறிதாகிவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடி அது முந்திக்கொண்டது. கடைசியில், ஓடுகிற பஸ்ஸைத் துரத்துவதைவிட அடுத்த நிறுத்தத்தில் போய்க் காத்திருப்பது மேல் என்று, ஒன்றுக்கு முப்பத்தைந்து என்று தீர்மானித்தேன். அந்தக் கணக்கில் நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர் மனிதன் சரியாக ஐந்து சென்டிமீட்டர் வருவான், ஒன்பது நாற்பத்தைந்து டாங்கி சரியாக இருபத்தேழு சென்டிமீட்டர் வரும். நான் தாண்டிய இரண்டு சென்டிமீட்டர் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு மனிதன் இத்தனை வருடம் தூங்காமல் கிடந்ததெல்லாம் ஒரு ஊசி முனை அளவுக்குத்தான் என்று நோட்டில் எழுதிவிட்டு அதன் மேலேயே கோடு போட்டு அடித்தேன்.

இதற்கிடையில் ஊர் டாங்கியோடு வாழக் கற்றுக்கொண்டது. அது லாரி அளவில் இருந்தபோது நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, பீடம் பெரிதாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். கார் அளவுக்கு வந்தபோது கல்யாண ஜோடிகள் அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், ஸ்கூட்டர் அளவுக்கு வந்தபோது பீடத்தில் மிச்சமிருந்த இடத்தில் மூன்று ஆட்டோக்கள் நின்றன, ஆட்டின் அளவுக்கு வந்தபோது யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஹவில்தார் மார்க்கபந்து அதை சைக்கிள் பூட்டால் மின்கம்பத்தோடு பூட்டி, சாவியைத் தன் பூணூலில் முடிந்துகொண்டார். ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் வழக்கம்போல நடந்தது. பூசணிக்காய் டாங்கியின் மேல்கூண்டைவிடப் பெரிதாக இருந்தது மட்டும்தான் வித்தியாசம்.

அது ஏன் சுருங்குகிறது என்பதை வேதவல்லிதான் ஒருநாள் ரஃபி பாய் கடையில் வைத்துச் சொன்னாள்.

"தாண்டிட்டாங்க. அவ்ளோதான்."

"யாரு தாண்டினது?" என்றார் மார்க்கபந்து.

"ஊரே தாண்டிச்சி. டிரெய்லர்ல படுக்க வெச்சிக் கொண்டாந்தீங்களே, பெரிய ரோட்டு நடைபாலத்துக்கு அடியில முக்கா மணி நேரம் நின்னுச்சா இல்லியா? ஜனம் மேல போய்கினே இருந்துச்சா இல்லியா? படுத்துனு கீறதத் தாண்டினா வளருமா?"

"டாங்கி இன்னா புள்ளயாம்மா, வளர்றதுக்கு?" என்றார் ரஃபி பாய்.

"வளர வேணாம் பாய். கீறது கொறையாம இருந்தா போதாதா?"

மார்க்கபந்து யோசித்தார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர், எதையும் பட்டியல் போடாமல் நம்பமாட்டார். அன்றைக்குப் பாலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போனவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு இருநூற்றுப் பதின்மூன்று பேரை எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டாங்கியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பாலத்துக்கு அடியில் அதே இடத்தில் நிறுத்தி, அத்தனை பேரையும் மேற்கிலிருந்து கிழக்கே நடக்க வைத்தார். செத்துப்போயிருந்த ஏழு பேருக்கு அவர்கள் பிள்ளைகள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள், குவைத்தில் இருந்த இருவரைச் செல்போனில் கூப்பிட்டு, அவர்கள் முகம் தெரிகிற போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் மனைவிகள் நடந்தார்கள், அன்றைக்கு ஆறு மாதக் கர்ப்பமாகத் தாண்டிய ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நடந்து, இவனையும் சேர்த்துக்கோங்க என்றாள். மார்க்கபந்து படியின் அடியில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒரு டிக் போட்டார்.

எட்டு நாள் டாங்கி அப்படியே நின்றது. ஒன்பதாம் நாள் ஒரு மயிரிழை குறைந்தது.

"ஒருத்தன் பாக்கி," என்றார் மார்க்கபந்து, டீ கிளாஸை வைத்துவிட்டு. "லிஸ்ட்ல வராத ஒருத்தன் தாண்டியிருக்கான்."

"தாண்டிட்டு கம்முனு கீறான் பேமானி," என்றாள் வேதவல்லி. "அவன் கால்ல முள்ளு குத்த."

நான் என் டீயைக் குடித்தேன். அந்தப் பாக்கி ஆள் நான்தான். டிரெய்லர் வந்த அன்று மதியம், கொட்டுகிற வெயிலுக்குத் தலையில் ஒரு அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தேன், நடுவில் நின்று கீழே பார்த்தேன், இது தயாளன் ஓட்டியதுபோல இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே மறுபக்கம் இறங்கினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி நடந்திருந்தால் டாங்கி வளர ஆரம்பித்திருக்கும், இருபத்தேழு சென்டிமீட்டருக்கு வராமலே போயிருக்கும், நான் அளக்க வேண்டியதை அளந்திருக்க முடியாது. உண்மை தெரிய வேண்டும் என்றுதான் நடக்காமல் இருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறையாக ஒன்றைத் தாண்டிவிட்டுத் திரும்பாமல் இருக்கிறேன் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அந்த நாட்களில் என்னால் உட்கார முடியவில்லை. கம்பெனியில் எட்டாம் நம்பர் அட்டையை ஒன்பது என்று எழுதி நாற்பது ஜோடித் தோலைப் பாழாக்கினேன். சாப்பிடும்போது எழுந்து போய் அளந்துவிட்டு வந்தேன்.

டாங்கி ஒரு தவலை அளவுக்கு வந்ததும் சந்திப்பில் வைக்க முடியாது என்று ஆனது. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். காலையில் டீக்கடையில், இன்னைக்கு யார் வீட்டுல டாங்கி என்று கேட்பது, இன்னைக்குத் தண்ணி வருமா என்று கேட்பதைப்போல ஆகிவிட்டது. அது வீட்டில் இருக்கும் நாளில் மணைப்பலகையில்தான் வைக்க வேண்டும், சுற்றிக் கோலமாவால் கட்டம் போட வேண்டும், யாரும் குறுக்கே தாண்டக்கூடாது. சதா சண்டை போடுகிற வீடுகளில் கூட, கோபமாக எழுந்தவர்கள் கட்டத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால், போய்ச் சேருவதற்குள் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது. சிலர் அதன் சக்கரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார்கள்.

நான் நோட்டில் கணக்குப் போட்டு, மார்க்கபந்துவிடம் போய், ஆவணி பதினொன்று எனக்கு வேண்டும் என்றேன்.

"அன்னைக்கு என்ன விசேஷம்?"

"தம்பி நெனப்பு."

அவர் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

அன்று காலை பத்து மணிக்கு, என் வீட்டு மேசையின் மேல், மணைப்பலகையில், டாங்கி இருபத்தேழு சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமுமாக இருந்தது. நான் இத்தனை வருடத்தில் அட்டையிலும் தோலிலும் செய்துபார்த்த எந்த டாங்கி மாதிரியும் அதன் பக்கத்தில் வரமுடியாது. ஆணித் தலைகள் கடுகைவிடச் சிறிதாக இருந்தன, ஒவ்வொன்றிலும் திருப்புளிக்கான வெட்டு இருந்தது. குழல் நேராக இருந்தது. ஊசியால் ஓட்டுநர் மூடியை நெம்பினேன். பாதி திறந்து குழலில் முட்டி நின்றது. ஐந்து சென்டிமீட்டராகச் செய்து வைத்திருந்த தயாளனைச் சாமணத்தால் பிடித்து உள்ளே உட்கார வைத்தேன், முதுகை மடித்தேன், தலையை முன்னால் சாய்த்தேன், வெளியே இழுத்தேன். தோள்பட்டை வரை வந்தான். அதற்கு மேல் வரவில்லை. பதினோரு முறை செய்தேன், பதினோரு முறையும் அங்கேயே நின்றான். பிறகு, ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, அவனை வெளியே எடுத்து முதுகுத் தோலில் அரை மில்லிமீட்டர் சீவினேன், மறுபடி உட்கார வைத்தேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

என் தாண்டல் பலித்து அவன் உண்மையிலேயே நூற்று எழுபத்துமூன்று ஆகியிருந்தால் வெளியே வந்திருப்பான். முழங்காலை மடக்கித்தான் ஏமாற்றினான் என்றால் அங்கேயே மாட்டிக்கொண்டான். என் பாவம் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். சீவிய இடத்தில் ஒரு சிறு துண்டுத் தோலைத் திரும்ப ஒட்டினேன். அதற்கு அரை மணி நேரம் ஆனது.

குணசுந்தரி பர்மிஷன் போட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்தாள். டாங்கியைப் பார்க்கும்முன் என் முகத்தைப் பார்த்தாள்.

"வழி இல்லம்மா," என்றேன். "அவன் உயரத்துக்கு வழி இல்ல. உன் லெட்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவனை அங்க உட்கார வெச்சது நான்." பாயை, சிரிப்பை, அம்மாவின் குரலை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

அவள் அழவில்லை. குனிந்து டாங்கியைச் சுற்றி வந்தாள், கம்பெனியில் தையலைப் பார்ப்பதுபோல.

"குழல் நேராத்தான் இருந்துச்சுன்னு லெட்டர்ல இருந்துச்சா மாமா?"

"எது?"

"இது." சுண்டுவிரலால் காட்டினாள். "இது நேரா இருந்தாத்தானே மூடி முட்டும்?"

நான் நோட்டை எடுத்தேன். இத்தனை பக்கங்களில் எந்தப் பக்கத்தில் டாங்கியை வரைந்திருந்தாலும் குழல் நேராகத்தான் இருந்தது. நான் பார்த்துப் படியெடுத்த புத்தகங்களிலும் நேராகத்தான் இருந்தது, ஏனென்றால் அளவு காட்டுவதற்கு வரைகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வரைவார்கள். சந்திப்பில் நின்றதிலும் நேராகப் பற்றவைத்திருந்தார்கள், பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று. கடிதத்தில் குழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு வரிதான் கடிதம், எனக்கு மனப்பாடம்.

"இல்ல," என்றேன்.

"நிக்கிற காலுக்கு அளவெடுத்து நடக்கிறவனுக்கு ஷூ தைக்கிறோம்னு நீங்கதானே மாமா புது ஆளுங்களுக்கு சொல்லிக் குடுப்பீங்க," என்றாள். குரலில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நகத்தால் மேல்கூண்டைத் தள்ளினாள். யாரோ விட்ட தேங்காய் எண்ணெயில் அது சத்தமில்லாமல் திரும்பியது, குழல் பக்கவாட்டில் போனது, மூடி முழுக்க மலர்ந்தது. அவள் இரண்டு விரலால் தயாளனின் தலையைப் பிடித்துத் தூக்கினாள். ஐந்து சென்டிமீட்டர் முழுசாக, ஒட்டுப்போட்ட முதுகோடு, எதிலும் உரசாமல் வெளியே வந்தான்.

மறுபடி உள்ளே விட்டு, கூண்டை நேராக்கி, அவளே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தோளில் நின்றான்.

"அப்ப ரெண்டும்தான்," என்றாள்.

"ரெண்டும்தான்."

"அதை எப்பவும் அளக்க முடியாது, இல்ல?"

"முடியாது."

வெளியே யாரோ குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குணசுந்தரி மறுபடி கூண்டைத் திருப்பி, அவனை வெளியே எடுத்து, உள்ளங்கையில் கிடத்தி வெகுநேரம் பார்த்தாள். "மூஞ்சி போடலையா?"

"இந்த அளவுக்கு மூஞ்சி வராதும்மா. மூக்கே அரை மில்லிமீட்டர்தான்."

"நல்லதுதான். கோவமா இருக்காரா இல்லையான்னு பார்த்துக்கிட்டு இருக்க வேணாம்." முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். "அத்தை திரும்பித் தாண்டச் சொன்னாங்களே. ஏன் மாமா தாண்டல?"

"மறந்துட்டேன்."

"நானும் வேற லெட்டர் போடணும்னுதான் இருந்தேன். அடுத்த வாரம் போடலாம்னு."

அப்போதுதான் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். பட்டியலில் இல்லாத அந்த ஒருத்தன் நான்தான் என்றும், இந்த இருபத்தேழு சென்டிமீட்டருக்காகத்தான் ஊர் முழுக்க நடந்த அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தயாளனைக் கைக்குள் மூடிக்கொண்டு, மற்றொரு கையால் டாங்கியை மணையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க."

"இப்பவா?"

"இன்னும் இத வெச்சு என்ன அளக்கப் போறீங்க?"

டேப் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன், பழக்கத்தில் மறுபடி கை அதற்குப் போனது, விட்டுவிட்டேன். சந்திப்பைக் கடக்கும்போது ரஃபி பாய், "இன்னா சார், இன்னைக்கு முறை முடியவே இல்ல, அதுக்குள்ள எங்க தூக்கினு போறீங்க?" என்று கேட்டார். குணசுந்தரி, "பாக்கி ஆளு கெடைச்சிட்டாரு பாய்" என்றாள். வேதவல்லி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள், "தெரியும்" என்று மட்டும் சொன்னாள், பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தாள்.

நடைபாலத்துக்கு நாற்பத்திரண்டு படி. மேற்குப் பக்கம் ஏறினேன். கீழே, டிரெய்லர் நின்ற அதே ஓரத்தில், குணசுந்தரி டாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மேலிருந்து பார்க்க அது ஒரு ஜோடி ஷூ அளவுதான் இருந்தது. பாலம் லாரிகளால் அதிர்ந்துகொண்டே இருந்தது. நடுவில் வந்ததும் கால் நின்றுவிட்டது. இன்னும் ஒரு அடி வைத்தால் அது என்னைவிட்டுப் போய்விடும், இரண்டு வருடம் ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தது இனி எதையும் கொடுக்காது, யார் குற்றம் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுப் பாயை நினைத்தேன், அதன் சிவப்பு ஓரத்தை, அதில் ஒருவன் கைகளைத் தலைக்கடியில் வைத்துச் சிரித்துக்கொண்டு கிடந்ததை நினைத்தேன். பிறகு, பாயைத் தாண்டுகிற அளவுக்கு, தேவைக்கு அதிகமாகவே காலை உயரத் தூக்கி, வைத்தேன்.

கிழக்குப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் கீழேயிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேதவல்லி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தாள். குணசுந்தரி வலது கையாலும் இடுப்பாலும் டாங்கியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, இடது கையை மட்டும் இறுக்கி மூடியபடி, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"மாமா, கனக்குது. சீக்கிரம் எறங்கி வாங்க!"